அபின் இல்லாத இரண்டு அறைகள்

2022 ஆகஸ்டில் ஒரு மாலை, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். 138 கிலோ எடை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. ராத்திரி தூக்கத்தில் குறட்டை நடுவே மூச்சு நின்றுவிடும் என்று அண்ணி பயந்துகொண்டே படுத்திருப்பார். முந்தைய நாள் காலையில்தான் அவருடைய இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்திருந்தார்கள். படுக்கையில் சுருண்டு கிடப்பார் என்று நினைத்துப் போனால், மனுஷன் வராண்டாவில் ஒரு நர்ஸின் கையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்.

"வலிக்கலையாண்ணே?"

"வலிக்குதுடா. தாங்குற வலிதான். மயக்க டாக்டர் காலைல வந்து சொன்னாரு, மார்ஃபின், அந்த வகையறா எதுவுமே போடாம ஆபரேஷனை முடிச்சுட்டாங்களாம். இப்ப அதான் புது முறையாம்."

கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சினார். ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியாது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அப்பாவுக்கும்தான் போடலை."

பெரியப்பா 1999 டிசம்பரில் சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இறந்தார். வாய்ப் புற்று. வெளியூரில் ஒரு மருத்துவமனையில் வைத்தியம் பார்த்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாராசிட்டமால் மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வந்து டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுவிட்டுப் போவார். அது ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். எனக்கு அப்போது பத்து வயது. மார்கழி மாதம் என்பதால் விடிகாலையில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். அது தொடங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். பாட்டுச் சத்தத்தில் அவர் முனகல் கேட்காது.

அந்த முன்னறையிலும் அபின் இல்லை, அண்ணனின் அறுவை அரங்கிலும் அபின் இல்லை. தகவலாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று கிடைக்காமல் போனது, மற்றொன்று வேண்டாம் என்று வைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு முனை எங்கள் கடலூர் மாவட்டத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது.

*

குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும் அபினும் ஒரே செடியிலிருந்து வருபவை. காயின் தோலைக் கீறினால் வடிகிற பால் உறைந்து அபின் ஆகிறது. காய் முற்றி உலர்ந்ததும் உள்ளே இருக்கும் விதை கசகசா. வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் அபினைத் தருவது இந்திய வைத்திய மரபுகளில் பழைய விஷயம். அதை ஒரு சாம்ராஜ்யத்தின் வியாபாரச் சரக்காக ஆக்கியது கிழக்கிந்தியக் கம்பெனி.

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் இந்தக் கோட்டையை வாங்கினார்கள். சுற்றியுள்ள நிலத்தில் எதுவரை தங்களுடையது என்பதைப் பீரங்கி வைத்து முடிவுசெய்தார்கள். சுட்ட குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். அப்படி வந்துசேர்ந்தவைதான் 'குண்டு கிராமங்கள்'. 1756-இல் இந்தக் கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்தவர் ராபர்ட் கிளைவ். சில மாதங்களிலேயே வங்காளத்துக்குக் கிளம்பினார். 1757 ஜூன் 23 பிளாசி. அதன் பிறகு பாட்னா பகுதியின் கசகசா வயல்கள் படிப்படியாகக் கம்பெனியின் பிடிக்குள் வந்தன. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அபின் கொள்முதலைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். 1820-இல் காஜிப்பூரில் அபின் தொழிற்சாலை வந்தது. அது இன்றைக்கும், இந்திய அரசின் தொழிற்சாலையாக, இயங்குகிறது.

கிளைவுக்குத் தீராத வயிற்றுவலி இருந்தது. அதற்காக அபின் எடுத்துக்கொண்டார், பிறகு அதை விட முடியவில்லை. 1774 நவம்பரில் லண்டனில் அவர் இறந்தது எப்படி என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. அபின் அளவு மீறியதுதான் காரணம் என்பவர்களும் இருக்கிறார்கள். அபினின் இரண்டு முகமும் அந்த ஒரு மனிதரிடமே தெரிகிறது. வலியை நிறுத்தும், ஆளையும் பிடித்துக்கொள்ளும். பின்னால் வந்த இருநூற்றைம்பது வருட மருத்துவம் முதல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை உதற முயன்ற கதைதான்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். நூற்றாண்டின் நடுவில் ஊசி வந்தது. ஆனால் அறுவையின் வலியை முதலில் வென்றது ஈதர். 1846 அக்டோபரில் பாஸ்டனில் அதைப் பொதுவெளியில் காட்டினார்கள். ஆறு மாதத்துக்குள், 1847 மார்ச் 22-இல், கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் ஈதர் மயக்கம் கொடுக்கப்பட்டது. கப்பல் போக்குவரத்து இருந்த காலத்தில் இது மின்னல் வேகம்.

அதற்குச் சற்று முன், 1845-இல், அதே வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ஒரு விசித்திரமான காரியம் செய்துகொண்டிருந்தார். யானைக்கால் நோயால் விதைப்பை வீங்கி, பத்து இருபது கிலோ, சிலருக்கு அதற்கும் மேல் கனக்கும் கட்டிகளோடு வந்தவர்களை மெஸ்மரிசத்தால் ஆழ்ந்த உறக்கத்துக்குக் கொண்டுபோய், மயக்க மருந்து எதுவும் இல்லாமல் அறுவை செய்தார். நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். ஈதர் வந்ததும் அந்த முறை மறைந்துவிட்டது. அபின் விளைகிற மண்ணிலேயே, அபின் இல்லாமல், மனித உடலிலிருந்து கிலோக் கணக்கில் எடையை அறுத்தெடுத்த ஒரு முயற்சி அது என்பது மட்டும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

ஈதர், குளோரோஃபார்ம் காலத்தில் ஒரே மருந்து எல்லா வேலையையும் செய்தது. அதனால் அளவு கூடினால் ஆள் போய்விடுவார். இருபதாம் நூற்றாண்டில் அந்த வேலையைப் பிரித்தார்கள். நினைவை அணைக்க ஒரு மருந்து, தசையைத் தளர்த்த ஒரு மருந்து, வலிச் சமிக்ஞையை அடக்க ஒரு மருந்து. ஒரே பெரிய புரோகிராமை மூன்று சின்ன சர்வீஸாக உடைத்தது போல. மூன்றாவது இடத்தில் அபின் குடும்பம் நிரந்தரமாக உட்கார்ந்தது. 1960-இல் பெல்ஜியத்தின் பால் யான்சன் ஃபென்டனிலை உருவாக்கினார். மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியம், சில நிமிடங்களில் வேலை செய்யும். அதற்குப் பிறகு ஃபென்டனிலோ அதன் உறவுக்கார மருந்தோ இல்லாத அறுவை என்பதை மயக்கவியலாளர்கள் யோசித்துப் பார்ப்பதுகூட அபூர்வமாகிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மயக்கத்தில் இருப்பவருக்கு வலி தெரியாது, ஏனென்றால் வலியை உணர நினைவு வேண்டும். ஆனால் கத்தி பட்டதும் உடம்பு சும்மா இருக்காது. இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் எகிறும், அட்ரினலின் பொங்கும். மயக்க மருத்துவர் ஃபென்டனிலால் அடக்குவது பெரும்பாலும் இந்தக் கொந்தளிப்பைத்தான். இதை அடக்க அபின்தான் வேண்டுமா என்ற கேள்வி பிறகு வந்தது. அது கூர்மையாக எழுந்த இடங்களில் ஒன்று எடைக் குறைப்பு அறுவை அரங்கு.

*

உடல் எடைக்காகக் குடலைச் சுருக்கும் அறுவைகள் 1950-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கின. 1960-களில் அயோவாவின் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழி அறுவையைக் கொண்டுவந்தார். 1990-களில் லேப்ராஸ்கோப் வந்தது. ஒரு பெரிய கீறலுக்குப் பதில் நாலைந்து சின்னத் துளைகள். அண்ணனுக்குச் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையை ஒரு வாழைப்பழ வடிவக் குழாயாகச் சுருக்குவது. இப்போது சென்னையிலும் கோவையிலும் இது வழக்கமான அறுவை. ஆசியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பால் சர்க்கரை சீக்கிரம் வருகிறது என்பதால், இதற்கான எடை வரம்பையும் மேற்கத்தியர்களைவிடக் குறைவாக வைத்திருக்கிறார்கள்.

இந்த உடம்புகளுக்கு அபின் குடும்பம் ஏன் ஆபத்து? மூளைத்தண்டில் மூச்சுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் 'மூச்சு விடு' என்று அது உத்தரவிடும். அபின் அந்த உத்தரவை மந்தமாக்கும். ஒல்லியான ஆளுக்குச் சமாளிக்க இடம் இருக்கும். ஆனால் பருமனான பலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து ஏற்கெனவே மூச்சு விட்டுவிட்டு நிற்கிறது. மல்லாந்து படுத்தால் வயிறு நுரையீரலை அழுத்துகிறது. அறுவை முடிந்த ராத்திரி, வார்டில், விளக்கணைத்த பிறகு, வலிக்குப் போட்ட மார்ஃபின் ஏறிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றால், அது சத்தமில்லாமல் நின்றுவிடும். அண்ணி அத்தனை வருடம் பயந்த அதே விஷயம்.

இரண்டாவது சிக்கல் வாந்தி. அபின் வகைகள் குமட்டலைக் கிளப்பும். நேற்று ஸ்டேப்ளர் அடித்த இரைப்பையோடு இன்று ஓங்கரிப்பது என்ன வேதனை என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது, குடலின் அசைவை மந்தப்படுத்தும். இதெல்லாம் போக, அறுவையின்போது அதிக அளவில் கொடுத்தால் பிறகு வலியுணர்வே கூடிவிடும் என்ற முரணும் உண்டு.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் யான் முலியே என்ற மயக்க மருத்துவர், எடைக் குறைப்பு அறுவைக்கு வருகிறவர்களுக்கு அபினைத் தவிர்த்த மயக்கத்தை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். ஃபென்டனில் பிறந்த அதே நாடு! அவர் முறையில் ஒரு பெரிய மருந்தின் இடத்தில் சின்னச் சின்ன அளவில் பல மருந்துகள் வருகின்றன. அட்ரினலின் பொங்குவதை ஊற்றிலேயே அடக்க டெக்ஸ்மெடடோமிடின், நரம்புக் கடத்தலைத் தணிக்க லிடோகேன், முதுகுத்தண்டில் வலி பதிவாவதைத் தடுக்கக் குறைந்த அளவு கெட்டமின், துணைக்கு மக்னீசியம், பாராசிட்டமால். வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி. இதில் டெக்ஸ்மெடடோமிடினுக்கு ஒரு தனிச் சிறப்பு, அது மூச்சை பெரிதாக மந்தமாக்காது. அண்ணனுக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய இந்தக் கலவைதான்.

சரி, இது உண்மையிலேயே உதவுகிறதா? 2014-இல் அமெரிக்காவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 119 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. வழக்கமான முறையில் 37 சதவீதம் பேருக்குக் குமட்டலும் வாந்தியும். அபின் தவிர்த்த முறையில் 20 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் ஒரு குழுவுக்கு மயக்க வாயுவும் மற்றதற்கு நரம்புவழி புரோபஃபாலும் கொடுத்திருந்தார்கள். வாயுவே வாந்தியை வரவழைக்கும் என்பதால் மொத்தப் பெருமையும் அபின் தவிர்ப்புக்குப் போகாது. 2021-இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு பெரிய ஆய்வு எதிர்த்திசையில் எச்சரித்தது. எடைக் குறைப்புக்கு வெளியே, மற்ற பெரிய அறுவைகளில், டெக்ஸ்மெடடோமிடின் கொடுத்தவர்களில் ஐந்து பேருக்கு இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். அந்தக் குழுவில் ஆக்சிஜன் குறைவும் கூடுதலாகத்தான் இருந்தது.

ஆக, தூக்கத்தில் மூச்சடைக்கும் பருமனான ஒருவருக்கு அபினைக் குறைப்பதற்கோ தவிர்ப்பதற்கோ நல்ல காரணங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் எல்லா அறுவைக்கும் பூஜ்யம் என்பதை ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொள்ள இன்னும் ஆதாரம் போதாது.

*

இப்போது சிதம்பரத்துக்கு வருவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1985. (2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறி, இப்போது அதுதான் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி.) எங்கள் பகுதியில் ஒரு பெரிய மருத்துவக் கல்லூரி வந்த அதே ஆண்டு நவம்பர் 14-இல் டெல்லியிலிருந்து ஒரு சட்டமும் அமலுக்கு வந்தது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம்.

கடத்தல்காரர்களைப் பிடிக்க எழுதிய சட்டம் அது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்ச தண்டனையே பத்து வருடம். மருத்துவப் பயன்பாட்டை அது தடைசெய்யவில்லை. ஆனால் மார்ஃபின் வாங்க, வைக்க, எடுத்துச்செல்ல எனப் பல உரிமங்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு துறை, வெவ்வேறு காலாவதி. எல்லாம் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தால்தான் மருந்து வரும். கணக்கில் ஒரு பிழை என்றால் ஜெயில் என்ற பயம். மருந்துக் கடைகள் வைப்பதை நிறுத்தின, நிறுவனங்கள் தயாரிப்பைக் குறைத்தன, மருத்துவர்கள் எழுதுவதை விட்டார்கள். அடுத்து வந்த மாணவர்கள் அதை எழுதக் கற்கவே இல்லை. 1997-இல் நாடு முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 18 கிலோ. பன்னிரண்டு வருடத்தில் ஏறத்தாழ 97 சதவீத வீழ்ச்சி. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் அப்போதும் கசகசாக் காயைக் கீறிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த அபின் பிசின் கப்பலேறி வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து எங்கள் முன்னறையில் பெரியப்பா படுத்தார்.

கேரளத்தில் அதற்கு முன்பே ஒரு மாற்று தொடங்கியிருந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலித் தணிப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வாய்வழி மார்ஃபின் மாத்திரையை நோயாளியின் வீடுவரை கொண்டுசேர்க்க முடியும், அது திருடுபோகாது, ஊர் போதையில் மூழ்காது என்று காட்டினார்கள். ராஜகோபால் ஒரு மயக்க மருத்துவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரும் அவரைப் போன்றவர்களும் பல வருடம் போராடியதன் பலன், 2014-இல் வந்த சட்டத் திருத்தம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் ஒரே உரிமத்தில் மார்ஃபின் வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

சட்டம் திருந்தினாலும் கை பழக நாளாகிறது. 2017-இல் லான்செட் ஆணையம் ஒரு கணக்கு வெளியிட்டது. தீவிர நோயால் வலியில் இருக்கும் ஒருவருக்கு ஓராண்டுக்கு எவ்வளவு அபின்வகை மருந்து கிடைக்கிறது என்று, மார்ஃபின் அளவில். அமெரிக்காவில் 55,000 மில்லிகிராமுக்கு மேல், அதாவது தேவையைப்போல் முப்பது மடங்கு. இந்தியாவில் 43 மில்லிகிராம். தேவையில் 4 சதவீதம். 10 மில்லிகிராம் மாத்திரையில் நாலு. புற்றுநோயாளிக்குச் சாதாரணமாகத் தொடங்கும் அளவில் அது ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வராது.

*

அபின் தவிர்ப்பு ஒரு இயக்கமாகப் பரவியதற்கு அமெரிக்காவின் அந்த முப்பது மடங்கும் ஒரு காரணம். 1990-களின் நடுவில் அங்கே 'வலியும் ஓர் உயிர்க்குறி, நாடி பார்ப்பது போல வலியையும் எண் போட்டுக் கேளுங்கள்' என்ற இயக்கம் வந்தது. நல்ல நோக்கம்தான். அதே காலத்தில் மருந்து நிறுவனங்கள் அபின்வகை மாத்திரைகளைத் தாராளமாக விற்றன. முடிவு நமக்குத் தெரியும். 2021-இல் மட்டும் அங்கே போதை அளவு மீறி இறந்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேல், பெரும்பான்மை ஃபென்டனில் வகையால். அங்கே ஒரு மயக்க மருத்துவர் 'அபின் வேண்டாம்' என்று சொல்வதில் ஒரு தவறைத் திருத்தும் நேர்மை இருக்கிறது.

அதே சொல் இங்கே வரும்போது என்ன ஆகும்? இருந்த ஒன்றைக் குறைக்கிறவர்களின் முழக்கம், இல்லாதவர்களின் ஊரில் இல்லாமைக்கு ஒரு நல்ல பெயராகிவிடலாம். 'வெளிநாட்டிலேயே இப்ப இதெல்லாம் கொடுக்கிறதில்ல' என்று ஒரு புற்றுநோயாளியின் மகனிடம் யாராவது சொல்லிவிட முடியும். சொல்லவும் செய்கிறார்கள். அறுவை அரங்கில், மானிட்டர்களுக்கு நடுவில், ஐந்து மாற்று மருந்துகளோடு, ஒரு நாள் வலிக்குச் செய்யும் தேர்வு அது. மாதக்கணக்கில் வீட்டில் கிடக்கும் வலிக்கு அந்த ஐந்து மாற்றும் கிடையாது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலித்தணிப்புச் சேவையும் உண்டு. அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பதுதான் இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அண்ணன் இப்போது 94 கிலோ. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. போன மார்கழியில் ஊருக்குப் போனபோது பீரோவிலிருந்து இரண்டு ஃபைல்களை எடுத்துக் காட்டினார். அவருடையதில், அறுவைக்குப் பிந்தைய 48 மணி நேரமும், நாலு மணிக்கு ஒருமுறை, நாடிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கீழே ஒரு எண் எழுதியிருந்தது. வலி 4. வலி 3. வலி 3. வலி 2. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எத்தனை என்று யாரோ வந்து கேட்டிருக்கிறார்கள், அவர் சொல்லியிருக்கிறார்.

"ஏழுன்னு சொல்லியிருந்தா மார்ஃபின் போட்டிருப்பாங்களாம். ரெடியா வெச்சிருந்தாங்கன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது."

பெரியப்பாவின் ஃபைல் மெலிசானது. ஓரங்கள் பழுத்திருந்தன. கட்டியின் அளவு இருந்தது, எடை இருந்தது, ரத்தப் பரிசோதனை இருந்தது. முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தோம். அந்த எண் எங்கேயும் இல்லை. அவரை யாரும் கேட்கவே இல்லை.